கூட்டாளியின் காற்று

கடலுக்கு அடியில் மூச்சுவிடக் கற்றுக்கொள்ள இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. விடுமுறைக்குப் போன ஊரில் பணம் கட்டி, மூன்று நான்கு நாட்களில் பயிற்சியை முடித்து, சான்றிதழோடு வீடு திரும்பலாம். இல்லையென்றால், வசிக்கும் ஊரிலேயே உள்ள முக்குளிப்புக் கிளப்பில் உறுப்பினராகச் சேர்ந்து, வாரம் ஓர் இரவு பொது நீச்சல் குளத்தில் இறங்கி, மாதக்கணக்கில் கற்கலாம். இந்த இரண்டாவது வழி பிரிட்டனில் 70 ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருக்கிறது. நான் கற்றதும் அப்படித்தான். அந்தக் கிளப் முறையைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து எடைபோட்டுப் பார்க்கப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1943-ல் பிரான்சில் ழாக் கூஸ்தோ என்ற கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்ற பொறியாளரும் சேர்ந்து ஒரு கருவியை உருவாக்கினார்கள். முதுகில் காற்றை அழுத்தி அடைத்த சிலிண்டர். வாயில் கடித்துக்கொள்ள ஒரு ரெகுலேட்டர். மூச்சை இழுத்தால் மட்டும் அது காற்றைத் தரும்; அதையும் சுற்றியிருக்கும் நீரின் அழுத்தத்துக்கு ஈடான அழுத்தத்தில் தரும். அதுவரை பெரும்பாலும் செம்புத் தலைக்கவசமும் ஈயம் வைத்த பூட்ஸும் அணிந்து, மேலே படகிலிருந்து வரும் குழாயை நம்பியே கடலடியில் நடந்தார்கள். புதிய கருவி மனிதனை அந்தக் குழாயிலிருந்து விடுவித்தது.

போர் முடிந்து இந்தக் கருவி பொதுமக்கள் கைக்கு வந்தபோது, அதைப் பயன்படுத்தச் சொல்லித்தர ஆள் இல்லை. தாமாகவே முயன்று பார்ப்பதில் உயிராபத்து இருந்தது. 1953 அக்டோபரில் ஆஸ்கர் கூகன், பீட்டர் ஸ்மால் என்ற இருவர் லண்டனில் பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்பைத் தொடங்கினார்கள். ஊருக்கு ஊர் கிளைகள் முளைத்தன. கற்றவர் கல்லாதவருக்குச் சொல்லித்தருவார், அதற்குக் கூலி வாங்கமாட்டார் என்பது அங்கே வழக்கமானது. சிலிண்டரில் காற்று அடைக்கும் கம்ப்ரசரையும் படகையும் பல கிளைகள் உறுப்பினர்களின் சந்தாவில் வாங்கிப் பொதுவில் வைத்துக்கொண்டன. அயர்லாந்திலும் 1963 முதல் கிளப்புகளின் கூட்டமைப்பு ஒன்று இதே பாதையில் நடக்கிறது.

இந்த முறையின் மதிப்பு குளத்தில்தான் முதலில் தெரியும். புதிதாக வருபவர் செய்யும் முதல் பயிற்சிகளில் ஒன்று, முகத்தில் அணிந்திருக்கும் மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே நீரை விட்டு, மூக்கு வழியாக மூச்சை ஊதி அதை வெளியேற்றுவது. கேட்க எளிது. ஆனால் மூக்கில் நீர் பட்டதும் உடம்பு இரண்டு காரியங்களைச் செய்யத் துடிக்கும்: மூச்சை அடக்கும், மேலே பாயும். கரையில் பிறந்து வளர்ந்த உடம்புக்கு அது இயல்பு. சிலிண்டர் காற்றை சுவாசிப்பவரைக் கொல்லக்கூடியதும் அதே இயல்புதான்.

காரணத்தைச் சொல்கிறேன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 10 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. 10 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறையக் காற்றை இழுத்து, அதை அடக்கிக்கொண்டு ஒருவர் மேலே வந்தால், வரும் வழியில் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியும். நுரையீரல் தாங்காது. காற்று மிக வேகமாக விரிவது மேற்பரப்பை ஒட்டிய சில மீட்டர்களில் என்பதால், நீச்சல் குளத்தின் ஆழமான முனையில்கூட இந்த ஆபத்து உண்டு. ஆகவே முக்குளிப்பின் முதல் விதி, எந்த நிலையிலும் மூச்சை அடக்காதே என்பது.

இந்த விதியைப் பாடமாக ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். உடம்பு அதை ஏற்க வாரங்கள் பிடிக்கும். குளத்தில் ஒரு வாரம் செய்தது மறுவாரத்துக்குள் உள்ளே ஊறுகிறது. மூன்றாம் வாரம் மாஸ்க்குக்குள் நீர் புகுந்தால் கை தானாக மாஸ்க்கின் மேல்விளிம்புக்குப் போகிறது, மூச்சு தடைபடாமல் ஓடுகிறது. பயம் தணிய எத்தனை வாரம் தேவையோ அத்தனை வாரமும் கிளப்பில் கிடைக்கும். விமானச் சீட்டின் தேதிக்குள் முடிக்கவேண்டிய பயிற்சியில் அந்த நிதானத்தை எதிர்பார்க்க முடியாது.

அடுத்து, நீரில் மிதப்பைக் கட்டுப்படுத்தும் கலை. ஆழம் கூடக் கூட உடையில் இருக்கும் காற்று சுருங்கும், ஆள் கனப்பார். மிதப்புச் சட்டைக்குள் கொஞ்சம் காற்று விட்டு அதை ஈடுசெய்யவேண்டும். மீதிச் சரிக்கட்டலை நுரையீரலே செய்யும்: மூச்சை இழுத்தால் மெல்ல ஏறுவோம், விட்டால் மெல்ல இறங்குவோம். இதில் தேர்ந்தவர் கடல்தரைக்கு ஒரு முழம் மேலே, ஒரு மணல்துகளும் கலங்காமல் அசையாது நிற்பார். சுவாசமும் உடலும் இசைந்த அந்த நிலையைப் பார்க்கும்போதுதான் இதைக் கலை என்று அழைக்க எனக்குத் துணிவு வருகிறது. கை கால்களை அடித்துக்கொள்ளாதவருக்குக் காற்று குறைவாகச் செலவாகிறது, பவளம் உடைவதில்லை, மீன் மிரள்வதில்லை. அழகும் பாதுகாப்பும் இங்கே ஒன்றாகவே வருகின்றன.

இப்போது இந்த உரையின் மையத்துக்கு வருகிறேன். வழக்கமான 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் அடைத்தால் 2,400 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் என்று கணக்கிட்டால் மேற்பரப்பில் இரண்டு மணி நேரம் வரும். 20 மீட்டர் ஆழத்தில் மூன்று மடங்கு செலவாகும், ஆகவே 40 நிமிடம். அதையும் முழுவதும் செலவிடக் கூடாது. ஒரு பகுதியைத் தொடாமல் மிச்சம் வைக்கவேண்டும்.

யாருக்காக அந்த மிச்சம்? தனக்காக என்றுதான் புதியவர் நினைப்பார். அது கூட வரும் கூட்டாளிக்காகவும் என்று கிளப் கற்றுத்தருகிறது. ஒவ்வொருவரும் கூடுதலாக ஒரு ரெகுலேட்டரைச் சுமந்துகொண்டு இறங்குவது கூட்டாளிக்குக் காற்றுத் தடைபட்டால் நீட்டுவதற்காகவே. இறங்குமுன் இருவரும் ஒருவர் சாதனத்தை ஒருவர் தொட்டுச் சோதிக்கிறார்கள்: மிதப்புச் சட்டை எப்படி இயங்குகிறது, காற்று எவ்வளவு, எந்தக் கொக்கியை எப்படிக் கழற்றுவது. உள்ளே போனபின், யாருடைய காற்று முதலில் குறைகிறதோ அவருடைய கணக்குப்படிதான் இருவரும் திரும்புவார்கள். ஒருவர் பெருவிரலை மேலே காட்டினால் 'ஏறுவோம்' என்று பொருள். மற்றவர் ஏன் என்று கேட்பதில்லை.

நம் மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் இறங்கியவர்கள். இடுப்புக் கயிற்றின் மறுமுனை படகில் இருப்பவர் கையில் இருக்கும். அதைப் பிடிக்க மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் நம்புவார்கள், தங்கையின் தாலிக்கு அவனல்லவா பொறுப்பு என்று நம் கடற்கரையில் சொல்வதுண்டு. கருவிகள் மாறியிருக்கலாம், நீருக்குள் போகிறவன் உயிரை இன்னொருவர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் போகிறான் என்ற அறிவு பழையது. கிளப்பில் அந்தக் கயிறு கண்ணுக்குத் தெரிவதில்லை. வாராவாரம் சேர்ந்து பயின்று, ஒருவர் மூச்சின் வேகத்தை மற்றவர் அறிந்துவைத்திருக்கும் பழக்கம்தான் கயிறு. படகில் அன்று காலை அறிமுகமான ஒருவரோடு ஜோடி சேர்ந்து இறங்கும்போது அந்தப் பழக்கம் இருக்க வழியில்லை.

குளத்திலிருந்து கடலுக்குப் போகும் நாளில் இந்தப் பொறுப்பு இன்னும் விரிகிறது. பிரிட்டனின் கடல் குளிரானது, நீரோட்டம் வலுவானது, பச்சைக் கலங்கலில் சில மீட்டர்தான் கண்ணுக்குத் தெரியும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நீரோட்டம் சற்று ஓயும் நேரம் பார்த்து இறங்கவேண்டும். அதற்கு ஒருவர் முந்தைய நாளே ஓத அட்டவணையைப் பார்த்திருப்பார். ஒருவர் படகு ஓட்டுவார். முக்குளிப்பு மேலாளராக இருப்பவர், எந்த ஜோடி எப்போது இறங்கியது, எவ்வளவு காற்றோடு போனது, எப்போது ஏறியது என்று பலகையில் குறித்துக்கொண்டே இருப்பார். அன்று அவர் நீரில் இறங்காமலே போகலாம். அடுத்த வாரம் அவர் இறங்குவார், இன்று இறங்கியவர் பலகையோடு நிற்பார்.

ஆழத்திலிருந்து பாதுகாப்பாக ஏறுவது பற்றிய வகுப்புகளும் உண்டு. ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியல் அறிஞர் ஆடுகளை வைத்து ஆய்வு செய்து, 1908-ல் வெளியிட்ட, எவ்வளவு மெதுவாக ஏறவேண்டும் என்று காட்டும் அட்டவணைகளிலிருந்து அந்தப் பாடம் தொடங்கும். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடம்புத் திசுக்களில் கரைகிறது. வேகமாக மேலே வந்தால் அது குமிழிகளாக வெளிப்பட்டு மூட்டுகளையும் நரம்பையும் தாக்கும். எனவே மெதுவாக ஏறி, மேற்பரப்புக்கு ஐந்தாறு மீட்டர் கீழே மூன்று நிமிடம் நின்றுவிட்டு வரவேண்டும். கையில் முக்குளிப்புக் கணினி கட்டியிருந்தாலும், அது காட்டும் எண்ணுக்குப் பின்னால் உள்ள காரணத்தை ஒவ்வொருவரும் புரிந்திருக்கவேண்டும் என்று கிளப் எதிர்பார்க்கிறது.

இப்படிப் பயின்ற சாதாரண மக்கள் என்ன சாதித்தார்கள்? ஒரு சான்று போதும். எட்டாம் ஹென்றி மன்னரின் போர்க்கப்பல் மேரி ரோஸ் 1545-ல் போர்ட்ஸ்மத்துக்கு எதிரே சோலன்ட் நீரிணையில் மூழ்கியது. 1965-ல் அலெக்சாண்டர் மெக்கீ என்ற எழுத்தாளர், பிரிட்டிஷ் சப்-அக்வா கிளப்பின் சவுத்சீ கிளை உறுப்பினர்களோடு அதைத் தேடத் தொடங்கினார். வார இறுதிகளில் தேடினார்கள். 1971-ல் கப்பலின் மரச்சட்டங்கள் கண்ணில் பட்டன. அகழ்வுக்குத் தலைமை தாங்கிய தொல்லியலாளர் மார்கரெட் ரூல், தம் கண்ணால் பார்க்கவேண்டும் என்பதற்காகவே முக்குளிக்கக் கற்றார். 500-க்கும் மேற்பட்ட தன்னார்வ முக்குளிப்பாளர்கள் அந்தப் பணியில் இறங்கினார்கள். 1982 அக்டோபர் 11 அன்று கப்பலின் எஞ்சிய உடல் மேலே வந்தது. இன்று அது போர்ட்ஸ்மத் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தத் தேடலின் தொடக்கம் ஒரு கிளப்பின் கிளை.

கடலுயிர்களுக்கும் இப்படிப்பட்ட உழைப்பு கிடைத்திருக்கிறது. சீசர்ச் என்ற திட்டத்தில் தன்னார்வலர்கள் தாங்கள் இறங்கும் இடத்தில் கண்ட உயிரினங்களையும் தரையின் தன்மையையும் படிவத்தில் பதிவுசெய்கிறார்கள். கடற்பாதுகாப்பு மண்டலங்களை வரையறுக்கும்போது அந்தப் பதிவுகள் சான்றாக உதவியிருக்கின்றன. முக்குளிப்பு தந்த கண்டுபிடிப்புகளில் நமக்கு நெருக்கமான ஒன்றும் உண்டு. எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கை 1956-ல் இலங்கைக்கு இழுத்துவந்தது முக்குளிப்பு ஆர்வம். அவரும் நண்பர் மைக் வில்சனும் திருகோணமலையில் சுவாமி மலைக்கு அடியில் இறங்கி, போர்த்துகீசியர் இடித்த பழைய கோணேசர் கோயிலின் தூண்களைக் கண்டார்கள்.

குறைகளையும் சொல்லவேண்டும். கிளப் முறை மெதுவானது. ஆசிரியர் தன்னார்வலர் என்பதால் அவருக்கு வேலை வந்தால் வகுப்பு தள்ளிப்போகும். கடல் பயிற்சிக்கு வானிலை ஒத்துழைக்காமல் ஒரு பருவமே போய்விடலாம். எல்லாக் கிளைகளும் ஒரே தரத்தில் இல்லை. சில இடங்களில் பழைய உறுப்பினர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொள்வார்கள், புதியவர் ஓரமாக நிற்க நேரும். அந்தமானில் ஒரு வாரம் பவளப்பாறை பார்த்துவிட்டுத் திரும்ப நினைப்பவருக்கு நல்ல பயிற்சிப் பள்ளியே பொருத்தம். அங்கே சிறந்த ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் கற்றது குறைந்த கல்வி ஆகாது. ஆனால் சான்றிதழ் வாங்கியபின் யாரோடு இறங்குவது, எங்கே தொடர்ந்து பழகுவது என்ற கேள்விக்கு அந்தப் பள்ளியிடம் விடை இருப்பதில்லை. கிளப்பில் சேர்ந்தவருக்கு அந்தக் கேள்வியே எழாது.

சேர எண்ணுபவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலில் குளத்தில் ஒருமுறை சும்மா இறங்கிப் பார்க்க அனுமதி கேளுங்கள். பெரும்பாலான கிளப்புகள் தருகின்றன. ஆஸ்துமா, இதயநோய், காதுக் கோளாறு இருந்தால் உடல்நலப் படிவத்தில் மறைக்காமல் எழுதி மருத்துவரைப் பாருங்கள். கருவிகளைக் காலம் தவறாமல் சோதிக்கிறார்களா என்று விசாரியுங்கள். குளத்தங்கரையில் நின்று, மிகவும் பயந்திருக்கும் மாணவரிடம் ஆசிரியர் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனியுங்கள். அந்த மாணவருக்காகப் பொறுமையோடு காத்திருக்கிறார் என்றால் அந்தக் கிளப்பை நம்பலாம். அவசரப்படுத்தினால் வேறிடம் தேடுங்கள்.

என் மதிப்பீடு இதுதான். கிளப்பில் கற்கும் முக்குளிப்பை மற்ற பல விளையாட்டுகளிலிருந்து உயர்த்துவது ஆழமோ துணிச்சலோ அல்ல. தன் சிலிண்டரில் இருப்பது தன் காற்று மட்டுமல்ல என்ற நினைப்பு பயிற்சியின் மூலம் மனிதருக்குள் இறங்குகிறது. அப்படிக் கற்றவர் சில ஆண்டுகளில் தாமும் குளத்தில் இன்னொருவருக்கு எதிரே மண்டியிட்டு, மாஸ்க்கிலிருந்து நீரை ஊதிக் காட்டுகிறார், கூலி வாங்காமல். இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே கொடுக்கும் இந்தச் சங்கிலி அறாமல் இருக்கும்வரை, பொறுமை உள்ள எவருக்கும் இந்த வழியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.