சாலைக்கு இருபுறமும் ஒரே சம்பளம்



நம்மை இங்கே கூட்டிய அறக்கட்டளையின் மூலதனம், வளைகுடாவில் உழைத்த ஒருவரின் சேமிப்பு. தம் பெயர் மேடையில் ஒலிக்க வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டுப் போனதாக, அறக்கட்டளையை நிறுவிய அவரது குடும்பத்தார் தெரிவித்தார்கள். அந்த விருப்பத்தை மதித்து, அவர் வாழ்நாளெல்லாம் செய்த காரியத்தைப் பற்றிப் பேசுகிறேன். அந்நிய மண்ணில் உழைத்து வீட்டுக்குப் பணம் அனுப்பும் காரியம் அது.

உலக வங்கியின் 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, இப்படிப் பணம் பெறும் நாடுகளில் முதலிடம் இந்தியாவுக்கு. தொகை ஏறத்தாழ 12,900 கோடி டாலர். அடுத்த இடம் மெக்சிகோவுக்கு, ஏறத்தாழ 6,800 கோடி டாலர். கேரளத்தின் பங்கை நமக்கு எடுத்துச் சொல்வது உள்ளூரில் தொடங்கிய கேரளக் குடிபெயர்வு ஆய்வு. திருவனந்தபுரத்து வளர்ச்சி ஆய்வு மையத்தில் கே.சி. சக்கரியாவும் எஸ். இருதய ராஜனும் 1998இல் தொடங்கியது. 2018இல் கேரளத்துக்கு வந்த பணம் 85,092 கோடி ரூபாய் என்று கணக்கிட்ட அதே ஆய்வு, 2023இல் அதை 2.16 லட்சம் கோடிக்கு மேல் என்று கண்டது. போனவர்களின் எண்ணிக்கையோ 21 லட்சத்திலிருந்து 22 லட்சமாகத்தான் கூடியிருக்கிறது.

இந்த ஆய்வு மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துத் தமிழரான நம் வாழ்க்கை அங்கே நிற்பதில்லை. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போயின. மார்ஷல் நேசமணியின் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் அதே மாநிலத்தோடு சேர்க்கக் கேட்ட நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு விழுந்தது பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே. பெண் எடுப்பதும் கொடுப்பதும் அதற்குப் பிறகும் நிற்கவில்லை. கடற்கரையில் பொழியூர் கேரளம், அடுத்த ஊரான நீரோடி தமிழ்நாடு. இரண்டு ஊர் மீனவரும் வளைகுடாவில் விசைப்படகு ஏறுகிறார்கள். ஒரே முதலாளி, ஒரே அறை, ஒரே சம்பளம். விமானம் ஏறுவதும் இறங்குவதும் பெரும்பாலும் திருவனந்தபுரத்தில்தான்.

அந்தச் சம்பளம் வீடு வந்து சேரும் வழியைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். முதலில் விசாவுக்குக் காசு. மனைவியின் நகை அடகுக்குப் போகிறது, போதாவிட்டால் வீட்டுமனைப் பத்திரமும் போகிறது. போய்ச் சேர்ந்த ஆரம்ப மாதங்களில் அனுப்புவதெல்லாம் வட்டிக்கும் நகையைத் திருப்பவும் சரியாகிவிடும். அந்த மாதங்களில் வீட்டை ஓட்டுபவள் அவள்தான். கடனைத் தவணை போட்டு அடைப்பதும், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும், மாமியாரின் மருந்தும், சீட்டுப் பணமும் அவள் பொறுப்பு. வேலைவாய்ப்புக் கணக்கெடுப்புகள் அவளை வேலை செய்பவள் என்று எழுதுவதில்லை. அனுப்புகிறவரின் உழைப்புக்கு நிகரான உழைப்பு அது என்று இந்த மேடையில் அழுத்திச் சொல்கிறேன்.

வங்கியைத் தவிரப் பணம் வரும் இன்னொரு வழி குழல்பணம், தமிழ்நாட்டுப் பக்கம் உண்டியல் என்பார்கள். அங்கே ஒருவரிடம் திர்ஹம் கொடுத்தால், இங்கே ஒருவர் வீட்டு வாசலில் ரூபாயை எண்ணித் தந்துவிட்டுப் போவார். விரைவானது, வங்கியைவிட நாலு காசு கூடவும் கிடைக்கும். சட்டம் அதை அனுமதிப்பதில்லை என்பது ஒருபுறம். அனுப்பியவருக்கு அதனால் வரும் நட்டம் மறுபுறம். பல வருடம் உழைத்ததற்கு வங்கியில் ஒரு வரிகூட இருக்காது. ஊர் திரும்பித் தொழிலுக்குக் கடன் கேட்கும்போது கையில் காட்ட ஒன்றும் இல்லை.

திரும்பி வருவோர் கூடிக்கொண்டே இருக்கிறார்கள். கேரளத்தில் 2018இல் 12 லட்சமாக இருந்தவர்கள் 2023இல் 18 லட்சம். கொரோனா காலம் இதில் பெரும் பங்கு வகித்தது. 2020 மே மாதம் முதல் சிறப்பு விமானங்கள் வந்தன. வந்து திரும்பிப் போக முடியாதவர்களுக்குக் கேரள அரசு, வெளிநாடுவாழ் கேரளீயருக்கான நோர்க்கா துறை வழியாக 5,000 ரூபாய் தந்தது. கேரள முகவரி இருந்தால்தான் அது கிடைக்கும். ஒரே அறையில் படுத்து, ஒரே நாளில் ஊர் வந்து, திரும்பிப் போக முடியாமல் நின்ற இருவரில் பாறசாலைக்காரருக்கு உண்டு, களியக்காவிளைக்காரருக்கு இல்லை. தொகை சிறிது. ஆனாலும் அந்தப் பிரிவினை எனக்கு நியாயமாகப் படவில்லை.

கேரளம் 1996லேயே அந்த நோர்க்கா துறையை உண்டாக்கியது. 2008இல் பிரவாசி, அதாவது புலம்பெயர்ந்தோர், நலச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 2011இல் சட்டம் இயற்றியும், வெளிநாடுவாழ் தமிழர் நல வாரியம் அமையப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. தாமதமானாலும் அது வந்தது நல்லதே. இனி இரண்டு அரசுகளும் களியக்காவிளையிலோ பாறசாலையிலோ ஒரே இடத்தில், தமிழிலும் மலையாளத்திலும் பேசத் தெரிந்த அலுவலர்களோடு ஒரு பொது உதவி மையம் வைக்கட்டும். இறந்தவரின் உடலைக் கொண்டுவருவது, சம்பள பாக்கி, சிறைப்பட்ட மீனவர் என்று எதுவானாலும் குடும்பங்கள் ஏறி இறங்க ஒரே வாசல் வேண்டும்.

மெக்சிகோவில் நான் மதிக்கும் முன்மாதிரி ஒன்று உண்டு. சகாதேகாஸ் மாநிலத்திலிருந்து அமெரிக்கா போனவர்கள் ஊர்ச்சங்கம் வைத்துச் சொந்த ஊருக்குப் பணம் திரட்டினார்கள். அவர்கள் ஒரு பெசோ போட்டால் மத்திய அரசும் மாநில அரசும் நகராட்சியும் ஆளுக்கொரு பெசோ சேர்த்தன. சாலை, குடிநீர், பள்ளிக்கூடம் என்று வேலை நடந்தது. 2002இல் நாடு முழுவதற்கும் விரிந்த அத்திட்டத்துக்கான நிதி 2020ஐ ஒட்டி நின்றுபோனது. ஊருக்கு எது தேவை என்று தீர்மானிப்பதில் பணம் அனுப்பியவருக்கும் ஒரு குரல் இருந்ததே அதன் சிறப்பு. நம் ஊர்களில் அவரைத் திருவிழா நன்கொடைக்குக் கூப்பிடுகிறோம், பஞ்சாயத்துக் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை. நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் தமிழ் நூலகத்துக்கும் தமிழ்வழி வகுப்புக்கும் இப்படியொரு கூட்டுநிதி கிடைத்தால் என்னவெல்லாம் செய்யலாம்!

பணம் இப்போது எதிர்த்திசையிலும் ஓடுகிறது. வெளிநாட்டில் படிக்கும் கேரள மாணவர்கள் ஐந்தாண்டில் ஏறத்தாழ இருமடங்காகி 2023இல் இரண்டரை லட்சம் ஆனார்கள். அப்பா வளைகுடாவில் சேர்த்தது மகளின் கல்விக் கடனுக்கு ஈடாகப் போகிறது. படிப்புக்குச் செலவிடுவதை நான் குறை சொல்லமாட்டேன். அப்பாவின் முதுமைக்கு என்ன மிச்சம் என்று மட்டும் கேட்கிறேன்.

அதற்கு இன்றே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. கேரள பிரவாசி நல வாரியத்தில் 18 முதல் 60 வயதுக்குள் சேரலாம். குறைந்தது ஐந்து வருடம் சந்தா கட்டினால் 60க்குப் பிறகு ஓய்வூதியம் வரும். 2022 ஏப்ரல் முதல் அது குறைந்தபட்சம், வெளிநாட்டிலிருந்தபடி சேர்ந்தவருக்கு 3,500 ரூபாய், திரும்பிவந்து சேர்ந்தவருக்கு 3,000 ரூபாய். 55 வயதைக் கடக்கும் முன் சேர்வது நல்லது. களியக்காவிளைப் பக்கத்து உறவினர்கள் தமிழ்நாட்டு வாரியத்தில் பதிவு செய்யுங்கள். அரங்கை விட்டு வீட்டுக்குப் போனதும் உங்கள் பிள்ளைக்கோ அண்ணனுக்கோ போன் போட்டு, சேர்ந்தாயிற்றா என்று கேளுங்கள்.