முகம் தெரியாத மேஸ்திரி

(தொழிலாளர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

ஷிப்டு முடிந்ததும், களத்து வேலை ஓய்ந்ததும் நாம் கையில் எடுப்பது செல்போன். அதில் ஒருவர் சமைக்கிறார், ஒருவர் மீன் பிடிக்கிறார், ஒருவர் பாடம் சொல்லித் தருகிறார். இவர்கள் தொழிலாளிகளா, முதலாளிகளா என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி.

ஆள் வைத்து வேலை வாங்கி லட்சம் லட்சமாகச் சம்பாதிக்கும் சிலரைப் பற்றி நாம் பேசவில்லை. மற்றவர்களைப் பார்ப்போம். காமிரா அவர்களுடையது. உழைப்பு அவர்களுடையது. படம் காட்டும் இடம் யாருடையது? யூடியூப் என்ற அந்த இடத்தை 2006-ல் கூகுள் கம்பெனி 165 கோடி டாலருக்கு வாங்கியது. நீண்ட வீடியோக்களில் வரும் விளம்பரப் பணம் நூறு ரூபாயென்றால், எடுத்தவருக்கு 55, கம்பெனிக்கு 45. ஏரும் மாடும் குடியானவனுடையது, நிலம் மிராசுதாருடையது என்ற வாரக் கணக்கு நமக்குப் புதிதா?

வாரத்தைவிடக் கொடியது வெளியேற்றம். 2018 ஜனவரியில் கம்பெனி புது விதி போட்டது. 1,000 சந்தாதாரர்கள் இருக்க வேண்டும். 12 மாதத்தில் ஜனங்கள் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் விளம்பரப் பங்கு கிடையாது! பாதிக்கப்படுவோரில் 99 சதவீதம் பேர் வருஷத்துக்கு 100 டாலர்கூடப் பெறாதவர்கள்தான் என்று கம்பெனி சமாதானம் சொன்னது. கூலி சொற்பம் என்பதால் கூலியையே நிறுத்தலாமா? இது என்ன நியாயம்?

மில்லில் நிரந்தரத் தொழிலாளியை நீக்க வேண்டுமானால் சார்ஜ் ஷீட் கொடுக்க வேண்டும், விசாரணை நடத்த வேண்டும். இது யாரும் தானமாகத் தந்ததல்ல. சங்கம் போராடிப் பெற்றது. அங்கேயோ, வீடியோ விளம்பரத்துக்கு லாயக்கா என்று முதலில் தீர்மானிப்பது யந்திரம். முகம் தெரியாத மேஸ்திரி! காரணம் விளங்கவில்லை, முறையிட ஆள் இல்லை என்பதே அவர்களுடைய குறை.

ஆகவே 2018-ல் ஜெர்மனியில் யோர்க் ஸ்ப்ராவே என்பவர் வீடியோ எடுப்போருக்குச் சங்கம் தொடங்கினார். உண்டிவில் செய்து காட்டிப் பெயர் பெற்றவர் அவர். 2019 ஜூலையில் ஐ.ஜி. மெட்டால் அவருடன் கைகோத்தது. அது மோட்டார், இரும்பு, யந்திரத் தொழிலாளர் சங்கம். 20 லட்சத்துக்கு மேற்பட்ட அங்கத்தினர் கொண்டது. முடிவுக்குக் காரணம் சொல், பேச மனிதரை வை, தகராறைத் தீர்க்க நடுவர் வை என்று இருவரும் கேட்டார்கள்.

கூகுள் என்ன செய்தது? ஐ.ஜி. மெட்டாலைப் பேச அழைத்தது. வீடியோக்காரர் சங்கத்தைச் சேர்க்க மறுத்தது. அவர்களை விட்டுவிட்டுப் பேச வரமாட்டோம் என்று மறுத்தார்கள் இரும்புத் தொழிலாளர்கள். அதுதான் ஒற்றுமை, தோழர்களே!

2020 ஜூலை முதல் ஐரோப்பிய யூனியனில் ஒரு சட்டம் அமலில் இருக்கிறது. இத்தகைய கம்பெனிகள், தம்மை நம்பித் தொழில் செய்பவரின் கணக்கை நிறுத்தினால் காரணம் தெரிவிக்க வேண்டும்; முறையீட்டுக்கு வழி வைக்க வேண்டும். கேட்டது முழுவதும் கிடைத்துவிடவில்லை. ஆயினும் கேட்க முடியும் என்பது ருசுவாகிவிட்டது.

ஆகவே, உங்கள் தெருவில் வீடியோ எடுக்கும் பையனையோ பெண்ணையோ கண்டால் கேலி செய்யாதீர்கள். வருமானம் எவ்வளவு, யார் பிடித்தம் செய்கிறார்கள், ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். சங்க ஆபீசுக்கு அழைத்து வாருங்கள். தனி ஆளாக நிற்கும்வரை யந்திரம் பதில் சொல்லாது.