கந்தையும் சித்திரமும்

(பவானியில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



துணித் துண்டுகளை ஒட்டியும் தைத்தும் ஆக்கிய சித்திரங்களை நகரத்துக் கலைக்கூடங்களில் சுவரில் மாட்டிக் காட்டுகிறார்கள். அவற்றில் மனிதரில்லை, மரமில்லை. நிறமும் வடிவுமே உண்டு. இவற்றை அரூபச் சித்திரம் என்பர். "கந்தலுக்கும் ஒரு கண்காட்சியா?" என்று நம்மவர் சிலர் நகைக்கக் கேட்டேன். அவ்வாறு நகைப்பது நம் தொழிலையே நாம் இகழ்வதாகும் என்று கூறவே எழுந்தேன்.

உக்ரேனில் 1885-ஆம் வருஷம் பிறந்து பாரிஸில் வாழ்ந்த சோனியா டெலோனே என்னும் ஓவியப் பெண்மணி, 1911-ஆம் வருஷம் தம் கைக்குழந்தைக்காகக் குடியானவப் பெண்களைப் போலவே பல நிறத் துண்டுகளை இணைத்துப் போர்வை தைத்தார். முடிந்தபின் அதுவே புது மாதிரிச் சித்திரமாகத் தோன்றிற்று. அவர் ஓவியமும் அவ்வழியே சென்றது. அப்போர்வை இன்று பாரிஸ் காட்சிசாலையின் சொத்து. 1949-ஆம் வருஷம் நியூயார்க் நவீனக் கலைக் காட்சிசாலை, அன்னி ஆல்பர்ஸ் என்னும் நெசவுக் கலைஞருக்குத் தனிக் கண்காட்சியே நடத்திற்று.

இனி நம் ஊருக்கு வருவோம். இங்கே குழித்தறியில் நெய்யும் ஜமக்காளத்தில் பட்டைப் பட்டையாக நிறங்களையன்றி வேறென்ன காண்கிறோம்? சிவப்பின் அருகே பச்சை பொருந்துமா, நீலப்பட்டை எவ்வளவு அகலம் வேண்டும் என்பதெல்லாம் நெய்பவர் கண்ணும் கையும் அறிந்த வித்தை. பாரிஸில் சுவரேறியதை நாம் கலியாண வீட்டில் விரித்து உட்காருகிறோம்.

2005-06-ஆம் ஆண்டில் பவானி ஜமக்காளத்திற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊருக்குப் பெயர் வந்தது, நெய்தவருக்கு வந்ததா? போர்வையோடு சோனியாவின் பெயர் நிற்கிறது. நம் ஜமக்காளத்தில் யார் பெயர் நிற்கிறது? கூலிக் குறைவோடு இந்த மதிப்புக் குறைவும் சேர்ந்தே நம் பிள்ளைகளைத் தறியை விட்டு விரட்டுகிறது.

ஆகையால் ஒரு விண்ணப்பம். வரும் ஆண்டு விழாவில் சங்க மண்டபச் சுவரில் பத்து ஜமக்காளங்களை, நெய்தவர் பெயரெழுதி மாட்டுவோம். பக்கத்திலேயே, மிஞ்சிய நூலும் துண்டும் கொண்டு நம் பிள்ளைகள் செய்யும் ஒட்டுச் சித்திரங்களையும் வைப்போம். பெயரெழுதினால் கூலி உயருமா என்று கேட்பீர்கள். அன்றே உயராது. ஆயினும் தன் கைவேலையின் அருமையை அறிந்தவன் விலை பேசும்போது தலை குனியான். தகப்பனார் பெயரைச் சுவரில் வாசித்த பிள்ளையும் தறியை இழிவாக எண்ணான்.