மறைந்த இடத்தையும் வரைய வேண்டும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மெக்கானிக்கல் படிச்சவன் கார்ட்டூன் பத்திப் பேச வந்துட்டானேன்னு நினைக்காதீங்க. காரணம் என் தாய்மாமன். பெரம்பலூரில் சுவர் விளம்பரம் எழுதியவர். ஃபிளெக்ஸ் போர்டு வந்தபின் தூரிகையைப் பரணில் போட்டுவிட்டார்.

சாத்தனூர்க் கல்மரமும் அரியலூர் அம்மோனைட்டும் நம்மூர்ச் சொத்து. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு சிறு அனிமேஷன் படம் செய்ய நினைத்தேன். மாமா ஓர் அம்மோனைட்டை வரைந்தார். சுருள் ஓடு, கண், கணவாய்க்கு இருப்பதுபோல் கைகள், எல்லாம் ஒரே தாளில்.

நான் அவசரக்காரன். ஸ்கேன் செய்து, கைகளைக் கத்தரித்து அசைத்தேன். கை நகர்ந்ததும் ஓட்டில் ஓட்டை! விளிம்பெல்லாம் வெள்ளைக் கோடு.

பிறகுதான் முறை புரிந்தது. ஒவ்வோர் உறுப்பும் தனி அடுக்காக இருக்க வேண்டும். ஒன்றின் பின்னால் மறையும் பகுதியையும் முழுதாக வரைய வேண்டும். மூட்டின் இரு முனைகளும் வட்டமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்க வேண்டும். அந்த வட்டத்தின் மையமே சுழலும் புள்ளி. நாம் படித்த கீல் பாடம்தான்! கோப்பை பிஎன்ஜியாகச் சேமிக்க வேண்டும். ஜேபெக்கில் பின்னணி ஒளிபுகாது. வழக்கமான பிஎன்ஜியில் நிறங்களோடு ஆல்ஃபா என்றோர் எண்ணும் உண்டு: 0 என்றால் அந்தப் புள்ளி தெரியாது, 255 என்றால் முழுசாத் தெரியும். என் விளிம்புப் புள்ளிகளில் தாளின் வெள்ளை கலந்திருந்தது. அதுதான் அந்தக் கோடு.

இது முற்றிலும் புதுசும் இல்லை. 1914இல் அமெரிக்காவின் ஏர்ல் ஹர்ட், ஒளிபுகும் செல்லுலாய்டு தாளில் உருவங்களை வரையும் முறைக்குக் காப்புரிமை கேட்டார். நம் தோல்பாவைக் கூத்தில் கை கால்களைத் தனியே வெட்டி மூட்டுவதும் இதே யோசனைதான்.

மறுபடி வரையச் சொல்ல எனக்குக் கூச்சம். தயங்கித் தயங்கிச் சொன்னேன். மாமா சிரித்தார். "இதுக்கா மாப்ளே முழிக்கிறே? எழுத்து மூடுற இடம்னு சுவத்துல அடிவெள்ளை பூசாம விடுவோமா?"

அன்றே பரணிலிருந்து தூரிகை இறங்கியது. இப்போது அவர் உறுப்புகளை வரைகிறார், நான் அசைக்கிறேன். வேலைக்குரிய கூலியை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன்.

தம்பிகளே, மென்பொருளை ஆறு மாதத்தில் கற்கலாம். அந்தக் கை நாற்பது வருஷத்துக் கை. உங்க ஊரிலும் ஒருவர் இருப்பார். தேடிப் போங்க.