எங்கள் பிள்ளைகள் வாசிக்கும் மாயக் கதைகள்

(எமது சங்க வாசிகசாலையின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை. புத்தாண்டு மலருக்காகப் பேசியபடியே எழுதித் தரப்பட்டது.)



நான் பேசப்போகும் விடயத்தைச் சொன்னவுடன் செயலாளர் ஒரு மாதிரிச் சிரித்தார். "உந்தக் கொமிக்ஸ் புத்தகங்களைப் பற்றியோ பேசப் போறியள்?" என்று கேட்டார். ஓம், அதைப் பற்றித்தான். போன கூட்டத்தில் ஒரு ஐயா எழும்பி, எங்கட பிள்ளைகள் திருக்குறளை விட்டிட்டு மந்திரமும் பூதமும் வாசிச்சுக் கெட்டுப் போகுதுகள் என்று கவலைப்பட்டார். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு நானும் தலையாட்டினேன். வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன், அந்தப் புத்தகங்களில் ஒன்றைக்கூட நான் திறந்து பார்க்கவில்லையே என்று. ஆனபடியால் மூத்த மகளின் மேசையில் கிடந்ததையும் கடைக்குட்டி லைபிரரியில் எடுத்து வந்ததையும் மூன்று மாதமாக வாசித்தேன்.

வாசிக்கும்போது ஒன்று ஞாபகம் வந்தது. அம்புலிமாமாவில் வேதாளம் முருங்கை மரம் ஏறுகிற கதைக்காகக் காத்திருந்தவர்களும், இரும்புக்கை மாயாவியைக் கணக்குக் கொப்பிக்குள் ஒளித்து வாசித்தவர்களும்தான் இந்த மண்டபத்தில் பாதிப்பேர். நாங்கள் கெட்டுப்போனோமா இல்லையா என்பதை மனிசிமாரிடம் கேட்கவேண்டாம்.

முதலாவது 'பேபல்'. 2022இல் வந்த நாவல். எழுதியவர் ஆர். எஃப். குவாங், சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த இளம் பெண். கதை 1830களில் ஒக்ஸ்போர்டில் நடக்கிறது. அங்கே மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஒரு கோபுரம். வெள்ளிக் கட்டியின் ஒரு பக்கத்தில் ஒரு மொழிச் சொல்லையும் மற்றப் பக்கத்தில் அதற்கு ஈடான வேறு மொழிச் சொல்லையும் வெட்டுகிறார்கள். இரண்டு சொல்லும் ஒருநாளும் சரிசமமாய் இராது. மொழிபெயர்க்கும்போது எது விடுபட்டுப் போகிறதோ, அதுதான் மந்திரமாக வேலை செய்கிறது. கப்பலும் ஓடுகிறது, ஆலையும் ஓடுகிறது, பிரிட்டிஷ் சாம்ராச்சியமும் ஓடுகிறது. அதற்காகத்தான் கன்ரனிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பிள்ளைகளைக் கொண்டுவந்து படிப்பிக்கிறார்கள்.

இதை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்தேன். 1991இல் இங்கே என்னுடைய அகதி விசாரணையில் நடந்தது நினைவுக்கு வந்தது. "தம்பி காணாமல் போட்டான்" என்று நான் சொன்னேன். மொழிபெயர்த்தவர், பாவம், நல்ல மனிசன்தான், அதைத் தொலைந்து போனார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "ஏன், வீட்டுக்கு வழி தெரியாதா? தேடிப் பார்க்கவில்லையா?" என்று கேட்டார். சோதனைச் சாவடியில் பஸ்சால் இறக்கப்பட்ட பிள்ளை. வழி தெரியாமல் போனவனில்லை. எனக்கு அப்போது இருந்த ஆங்கிலத்துக்குப் பிழை நடக்கிறது என்று விளங்கியது, திருத்தத் தெரியவில்லை. அந்த இரண்டு சொல்லையும் ஒரு வெள்ளிக் கட்டியில் வெட்டியிருந்தால் இந்த நகரமே கிடுகிடுத்திருக்கும்.

நாவலின் பின்பாதி எனக்கு அவ்வளவு பிடிக்கவில்லை. ஆசிரியை எங்களை நம்பாமல் ஒவ்வொன்றையும் இரண்டுதரம் விளங்கப்படுத்துகிறார். அடிக்குறிப்புகள் வேறு. ஆனால் முதல் பாதிக்காகவே வாசிக்கலாம்.

இரண்டாவது எங்கட நாட்டுப் புத்தகம். கொழும்பைச் சேர்ந்த வஜ்ர சந்திரசேகர ஆங்கிலத்தில் எழுதி 2023இல் வெளிவந்த 'த செயின்ற் ஒஃப் பிரைட் டோர்ஸ்'. அமெரிக்காவில் கொடுக்கப்படும் நெபுலா விருது இதற்குக் கிடைத்தது. பிறந்தவுடன் தாய் தன் மகனின் நிழலைப் பிய்த்தெடுத்து, பெரிய புனிதராகிவிட்ட தகப்பனைக் கொல்லுவதற்கென்றே அவனை வளர்க்கிறாள். அவன் வாழும் நகரத்தில் பூட்டிக்கிடந்த சில கதவுகள் எவராலும் திறக்கமுடியாத கதவுகளாக மாறிவிடுகின்றன. வாசிக்கக் கஷ்டமான புத்தகம். நடுப்பகுதியை நான் திரும்பவும் வாசிக்கவேண்டி வந்தது. ஆனால் கலவரத்தையும் முகாம்களையும் மழை வெயில் மாதிரி, வந்து போகிற ஒரு காரியமாக அந்த நகரத்துச் சனம் எடுத்துக்கொள்கிறதே, அந்த இடங்களில் எனக்கு உடம்பு கூசியது. எங்கள் வீட்டுக் கதவையும் 1990இல் அம்மா பூட்டி, திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டுதான் வெளிக்கிட்டவ.

படக்கதை என்றால் சின்னப்பிள்ளைச் சாமான் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று. யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்து ஆர்ட் ஸ்பீகல்மன் தன் தகப்பனின் கதையைச் சொன்ன 'மௌஸ்' 1992இலேயே புலிற்சர் சிறப்பு விருது பெற்றது.

எங்களைப் பற்றியும் ஒரு சித்திர நாவல் இருக்கிறது. பெயர் 'வன்னி', 2019இல் வந்தது. 2008 வரை வன்னியில் ஐ.நா.வுக்காக வேலை செய்த பெஞ்சமின் டிக்ஸ் எழுத, லின்ட்சே பொலொக் வரைந்தது. சுனாமியில் தொடங்கி, ஒரு குடும்பம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரைவரை போகிற கதை. தப்பிவந்த சனத்திடம் கேட்டு எழுதியது. நல்ல புத்தகம், வாங்கவேண்டிய புத்தகம். ஆனால் எங்கள் வீட்டில் அது அலுமாரிக்கு மேலே, சூட்கேசுக்குப் பின்னால் இருக்கிறது. அம்மா 2009 மே மாதம் வரைக்கும் அங்கே இருந்தவ. 2011இல் என்னிடம் வந்தவ. இத்தனை வருசத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கதைத்ததில்லை, நானும் கேட்டதில்லை. அந்தப் புத்தகத்தை அவவின் மடியில் வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

இனிச் சொல்லப்போவது புதுசு இல்லை, 2006இல் வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தது போன மாசிமாதம். அவுஸ்திரேலியரான ஷோன் ரான் வரைந்த 'த அரைவல்', அதாவது வருகை. அவருடைய தகப்பனும் மலேசியாவிலிருந்து போய்க் குடியேறியவர். புத்தகம் முழுக்கப் படம்தான். ஒரு சொல்லும் இல்லை. ஒரு மனிதன் மனைவியையும் மகளையும் விட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு கப்பலேறி வேறு நாட்டுக்குப் போகிறான். அங்கே எழுத்து விளங்காது, சாப்பாடு என்னவென்று தெரியாது, நாய் பூனைக்குப் பதிலாக வாலும் வாயுமாய் விசித்திரமான பிராணிகள். எங்களுக்கும் விளங்கக்கூடாது என்றுதான் அந்த நாட்டு எழுத்தையும் ஓவியரே புதிதாக உண்டாக்கியிருக்கிறார். சுவரொட்டி ஒட்டுகிற வேலை கிடைத்து, எல்லாவற்றையும் தலைகீழாக ஒட்டிவிடுகிறான். நான் சிரித்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். முதல் வேலையில் நானும் பெட்டிகளைத் தலைகீழாய் அடுக்கி ஏச்சு வாங்கினவன்.

ஒரு சனிக்கிழமை கடைக்குட்டியும் அம்மாவும் செற்றியில் இருந்து இதைப் பார்த்தார்கள். அவனுக்குத் தமிழ் அரைகுறை, அம்மாவுக்கு ஆங்கிலம் இல்லை. வழக்கமாக 'சாப்பிட்டியோ', 'ஓம் அப்பம்மா' என்பதோடு கதை முடிந்துவிடும். அன்றைக்குப் புத்தகத்திலேயே சொல் இல்லாதபடியால் இரண்டு பேரும் சமம்.

ஒரு பக்கத்தில் பென்னம்பெரிய உருவங்கள் நகரத்துக்குள் வந்து சனத்தைத் தூசி மாதிரி உறிஞ்சி எடுக்கின்றன. ஒரு புருசனும் பெண்சாதியும் நிலத்துக்குக் கீழே ஒளித்துத் தப்புகிறார்கள். "அப்பம்மா, ஏன் இவர் கீழ போகுது?" என்று கேட்டான்.

"உது பங்கர்" என்றா அம்மா. "நாங்களும் இருந்தனாங்கள். மேல பனங்குத்தி அடுக்கி, மண்மூட்டை போட்டு. பதினொரு பேர்."

நான் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டு நின்றேன். தண்ணியை நிற்பாட்டினேன்.

அம்மா பக்கங்களைப் பின்னுக்குத் தட்டினா. தொடக்கத்தில் அந்த மனிதன் குடும்பப் படத்தைச் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கிற இடம். அதில் விரலை வைத்தா. "இவன் கெட்டிக்காரன், படத்தைக் கொண்டு போறான். நான் உன்ரை சித்தப்பாவின்ரை படத்தை வன்னி வரைக்கும் கொண்டு திரிஞ்சு, கடைசியில கண்ணாடி பாரம் எண்டு விட்டிட்டு வந்திட்டன்."

"எனக்குச் சித்தப்பா இருக்கோ?" என்று கேட்டுவிட்டு அவன் குசினிப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தான். பத்து வயது. அவனுக்கு அந்தப் பெயரை நான் சொல்லியிருக்கவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு போய் நானும் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு மூன்று பேரும் எவ்வளவு நேரம் கதைத்தோம் என்று தெரியாது. மனிசி வேலையால் வந்து, ஏன் இன்னும் லைற் போடவில்லை என்று கேட்டா. பிறகு அவன் ஒரு தாளில் சித்தப்பாவைக் கீறினான். அம்மா பக்கத்திலிருந்து "நெத்தி இன்னும் அகலம், தலைமயிர் சுருள்" என்று சொல்லச் சொல்ல அழித்து அழித்துக் கீறினான்.

ஐயா, உங்களோடு வாதாட நான் வரவில்லை. திருக்குறள் வகுப்புக்கும் அவன் ஞாயிறுதோறும் வருவான். அந்தப் புத்தகம் லைபிரரிக்குச் சொந்தமானது, தவணையை இரண்டுதரம் நீட்டியாயிற்று. கேட்டுவைத்த வேறு ஆட்களும் இருக்கினமாம். வருகிற வெள்ளிக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அம்மா அதைத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறா. எப்படிக் கேட்டு வாங்குவது என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.