விட்டதும் விடாததும்

(திங்கட் கூட்டப் பொழிவு)

  

அரபு நாடுகளின் வளர்ச்சியைப் பேசத் தொடங்கினால், "நிலத்தடியில் எண்ணெய் இருந்தது, எடுத்து விற்றார்கள், உயர்ந்தார்கள்" என ஒரே மூச்சில் முடித்துவிடுவார் உளர். எண்ணெய் பொருளைத் தரும், நாட்டைத் தராது. நாட்டை ஆக்குவது தலைமை. ஒன்றிய அரபு அமீரகத்தை உருவாக்கிய இருவரை இதற்குச் சான்றாகக் கொள்கிறேன். ஒருவர் அபுதாபியின் சாயிது. மற்றவர் துபாயின் இராசீது.

வினை தொடங்குவான் அறிய வேண்டியவற்றை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களாக அடுத்தடுத்து வைத்தார் வள்ளுவர். அவ்வளவுகோலாலேயே இவ்விருவரையும் அளந்து பார்ப்போம்.

முதலில் இடம். துபாய் முத்துக்குளித்து வாழ்ந்த ஊர். 1930-களில் சப்பானியரின் வளர்ப்பு முத்தும் உலகப் பொருளியல் வீழ்ச்சியும் சேர்ந்து அத்தொழிலை வீழ்த்தின. 1958-இல் இராசீது ஆட்சிக்கு வந்தபோது, ஊரின் உயிராகிய உப்பங்கழி மணலால் தூர்ந்து, கலங்கள் நுழைய இடர்ப்பட்டன. எண்ணெயோ அன்று கண்டறியப்படவில்லை. அவர் குவைத்திடம் கடன் வாங்கி அக்கழியைத் தூர்வாரினார். கலங்கள் வந்தன, வாணிகம் வந்தது. துபாயில் எண்ணெய் கண்டறியப்பட்டது அதன் பின்னர், 1966-இல். அந்த வருவாயையும் அவர் துறைமுகங்களில் இட்டார். 1972-இல் அவர் பெயராலேயே ஒரு துறைமுகமும், 1979-இல் செபல் அலித் துறைமுகமும் திறக்கப்பட்டன. எண்ணெய் தீரும், துறை தீராது என்பது அவர் கணக்கு.

சாயிதும் இடமறிந்தவரே. 1946 முதல் இருபதாண்டுகள் அல்ஐன் பகுதியை ஆண்டபோது, பழைய நிலத்தடி நீர்வாய்க்கால்களைத் தூர்வாரச் செய்தார், புதிது வெட்டினார், நீர்ப்பங்கீட்டைச் சீர்செய்தார். அபுதாபி 1962 முதல் எண்ணெய் ஏற்றுமதி செய்தும், அவருடைய தமையனார் ஆட்சியில் அப்பொருள் மக்களிடம் பெரிதாகச் சென்று சேரவில்லை. 1966 ஆகத்து 6-இல் சாயிது ஆட்சி ஏற்றபின் பள்ளியும் மருத்துவமனையும் சாலையும் எழுந்தன. எண்ணெய் அதே எண்ணெய்தான், தலைமைதான் மாறியது.

அடுத்துக் காலம். 1971 முடிவுக்குள் வளைகுடாவை விட்டு வெளியேறுவதாக 1968 சனவரியில் பிரித்தானியா அறிவித்தது. அடுத்த திங்களே, பிப்பிரவரி 18-இல், சாயிதும் இராசீதும் பாலையில் சந்தித்துக் கூட்டாட்சிக்கு இசைந்தனர். இருபதாண்டுகளுக்கு முன் எல்லைக்காகப் போரிட்ட இரு நாடுகள் அவை! கடலெல்லை உடன்பாடும் அன்றே எழுதப்பட்டது. பகுரைனும் கத்தாரும் உட்பட ஒன்பது நாடுகள் பேசின. அவ்விரண்டும் 1971-இல் தனித்துச் சென்றன. வாராதவரை வலிந்து இழுக்கவில்லை. வந்தவரோடு வினையை முடித்தனர். 1971 திசம்பர் 2-இல் ஆறு நாடுகள் ஒன்றாயின. 1972 பிப்பிரவரியில் இராசல்கைமா ஏழாவதாய் இணைந்தது.

மூன்றாவது வலி. பெரியவனாகிய அபுதாபி தன் வலியைச் சிறியோர்மேல் ஏற்றவில்லை. கூட்டரசின் செலவில் பெரும்பங்கைத் தன் தோள்மேல் ஏற்றுக்கொண்டது. அவர்தம் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி, ஒவ்வோர் உறுப்பு நாட்டின் இயற்கை வளமும் அந்நாட்டின் உடைமை. 122-ஆம் பிரிவின்படி, கூட்டரசுக்கென எழுதித் தரப்படாத எஞ்சிய உரிமைகள் யாவும் உறுப்பு நாடுகளுக்கே உரியன. எஞ்சிய உரிமையை நடுவணரசிடம் வைத்துள்ள இந்திய அமைப்பில் வாழும் நாம், இதனை இருமுறை படிக்க வேண்டும். உரிமையைப் பறித்தால்தான் ஒற்றுமை நிலைக்கும் என்பார்க்கு அப்பாலை நிலம் விடை கூறுகிறது.

பூசல் எழாமல் இல்லை. படைகளை ஒன்றாக்குவதில் துபாய் மாறுபட்டது. 1979-இல் கூட்டாட்சியே குலுங்கியது, குவைத்து இடைநின்று இணக்கம் கண்டது, இராசீது தலைமையமைச்சரானார். இடைக்காலச் சட்டமாகவே இருபத்தைந்தாண்டுகள் நடந்த அச்சட்டம் 1996-இல்தான் நிலையானதாயிற்று. விரைந்து முறிப்பதினும் பொறுத்து இணைப்பது மேல் என அவர்கள் அறிந்திருந்தனர்.

நாணயத்தையும் நோக்குங்கள். 1959 முதல் அக்கரையில் வழங்கியது இந்திய நடுவண் வங்கி வெளியிட்ட வளைகுடா உருபா. 1966-இல் இந்தியா உருபாவின் மதிப்பைக் குறைத்ததும் அதனைக் கைவிட்டனர். 1973-இல் திர்கம் என்னும் தம் நாணயத்தை வெளியிட்டனர்.

ஆயினும், புகழ்வதோடு நின்றால் அது பொழிவாகாது, பாட்டு ஆகும். சட்டம் இயற்றும் முழு உரிமையுடைய, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் இன்றளவும் அங்கில்லை. அந்நகரங்களை எழுப்பியவருள் நம் தமிழுழைப்பாளரும் உளர். வேலை தந்தவரின் பிணையிலேயே தங்கும் உரிமையைக் கட்டிவைத்த முறையால் அவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று.

இன்னொன்று நம் நெஞ்சைத் தொடுவது. 7-ஆம் பிரிவு அரபு மொழியையே கூட்டரசின் ஆட்சிமொழி என்கிறது. ஆனால் மண்ணின் மக்கள் இன்று அந்நாட்டில் மிகச் சிறு பங்கினர். துபாய்க் கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் உயர்கல்வியிலும் ஆங்கிலமே ஓங்கி ஒலிக்கிறது. நிலத்தையும் நாணயத்தையும் உரிமையையும் காத்தவர்கள், மொழியைச் சட்டத்தில் எழுதிவிட்டுச் சந்தையில் நெகிழவிட்டனர். அதன் விலையை அவர்தம் பெயரர் எண்ணிப் பார்க்கும் நிலை வந்துள்ளது.

தோழர்களே! எல்லையில் விட்டுக்கொடுத்தனர், காலத்தில் பொறுத்தனர், வளத்திலும் உரிமையிலும் பிடியை விடவில்லை. அதனால் வென்றனர். மொழியில் பிடி தளர்ந்தது, அங்கே தோற்கின்றனர். எதை விடலாம், எதை விடலாகாது என்று பிரித்தறிவதே நடைமுறை அறிவு. "நடைமுறைக்கு ஒத்துவராது" என்று சொல்லித் தமிழை முதலில் விடச் சொல்வாரிடம் இவ்வரலாற்றைக் கூறுங்கள். சட்டத்தில் இருக்கும் மொழி கடைப்பலகையில், கணக்கேட்டில், குழந்தையின் வாயில் இருக்கிறதா என்று நாளும் பாருங்கள். அங்கே இருந்தால்தான் அது வாழ்கிறது.

வெல்க தமிழ்!