அரை, கால், அரைக்கால்: தசமத்துக்கு ஒரு வழி

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



0.5, 0.25, 0.125 ஆகிய மூன்றையும் கரும்பலகையில் எழுதி, எது பெரியது என்று ஏழாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். 0.125 என்று சொல்லும் பிள்ளைகள் இருப்பார்கள். அது கவனக்குறைவு அல்ல. முழு எண்களில் இலக்கம் கூடினால் மதிப்பு கூடும். அந்த விதியைத்தான் இங்கும் கொண்டு வருகிறார்கள்.

அதே பிள்ளைகளிடம் அரை கிலோ சர்க்கரை, கால் கிலோ சர்க்கரை, அந்தக் காலிலும் பாதியான அரைக்கால் கிலோ, இவற்றில் எது அதிகம் என்று கேளுங்கள். தயங்காமல் அரை கிலோ என்பார்கள். மூன்றும் அதே எண்கள்தாம்.

நம் வீட்டுக் கணக்கு பாதி பாதியாகப் பிரிப்பது. ரூபாய்க்கு 16 அணா இருந்தபோது அரை ரூபாய் எட்டணா, கால் நாலணா, அரைக்கால் இரண்டணா. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 100 பைசா ஆயிற்று. பள்ளிக்கூடத் தசமமும் பத்துப் பத்தாகப் பிரிப்பதுதான். இந்த இரண்டுக்கும் நடுவேதான் பிள்ளை தடுமாறுகிறது.

பத்துக்குப் பத்து கட்டத்தாள் ஒன்றைக் கொடுங்கள். முழுத்தாள் ஒன்று. ஒரு பட்டை பத்தில் ஒன்று. ஒரு கட்டம் நூறில் ஒன்று. அரைக்கு ஐந்து பட்டை: 0.5. காலுக்கு இரண்டு பட்டை போக அரைப் பட்டை தேவை. அது ஐந்து கட்டம்: 0.25. அரைக்காலுக்கு ஒரு பட்டை, இரண்டு கட்டம், அரைக் கட்டம்: 0.125. இலக்கம் கூடுவது அளவு பெருகியதால் அல்ல, இன்னும் நுணுக்கமாக வெட்ட வேண்டியிருப்பதால் என்பதைக் கையே காட்டிவிடும்.

அடுத்து, வண்ணமிட்ட ஐந்து பட்டைகளைக் கட்டங்களாக எண்ணச் சொல்லுங்கள். ஐம்பது வரும். ஆகவே 0.5, 0.50, 0.500 மூன்றும் ஒன்றே. ஆனால் 0.05 வெறும் ஐந்து கட்டம். கடைசியில் வரும் பூச்சியம் ஐந்தை இடம் மாற்றவில்லை. புள்ளியை அடுத்து வந்த பூச்சியம் அதை ஓரிடம் தள்ளிவிட்டது. 0.25ஐ “புள்ளி இருபத்தைந்து” என்னாமல் “புள்ளி இரண்டு ஐந்து” என்று வாசிக்கப் பழக்குவதும் உதவும்.

இது மதிப்பெண்ணுக்காக மட்டும் அல்ல. மலையிலிருந்து தேனும் கடுக்காயும் விற்க வரும் குடும்பத்தில் தராசைப் படித்துச் சொல்வது பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம். மின்னணுத் தராசு 1.500 கிலோ என்று காட்ட, சீட்டில் 1.05 என்று எழுதினால் 450 கிராம் தேனுக்குக் காசு வராது. 1.5 என்று எழுதினால் நட்டமில்லை. இந்த வேறுபாட்டை அங்கேயே நின்று கேட்கும் துணிவு, வகுப்பறையில் அந்தக் கட்டத்தாளிலிருந்து வரட்டும்.